இலையிலிருந்து புரதம்: எடுக்கும் முறை, 250 ஆண்டுக் கதை, இனி வரப்போவது

பச்சைச் சாறு கொதி வரும் அந்த அரை நிமிடம் பார்க்க வேண்டிய ஒன்று. அதுவரை பாத்திரத்தில் கெட்டியான பச்சைப் பெயிண்ட் மாதிரி ஒரே நிறத்தில் கிடக்கும். ஓரங்களில் நுரை தட்டும். திடீரென்று பால் திரிவதுபோலத் திரிந்து, கரும்பச்சைக் கட்டிகள் மேலே எழும்பிவரும். அவற்றுக்கு நடுவே கலங்கல் இல்லாத பழுப்பு நீர் தெரியும், பால் விடாத தேநீரின் நிறத்தில். மேலே மிதக்கும் அந்தக் கட்டிதான் இலைப் புரதம். பாலுக்கு எலுமிச்சை பிழிகிறோம். இதற்கு வெறும் சூடு போதும்.

முதல் தடவை இதைச் செய்தபோது வந்த பொருள் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் மூன்று விஷயங்கள்: இதை எப்படி எடுப்பது, இருநூற்றைம்பது ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு விஷயம் ஏன் இன்னும் தட்டுக்கு வரவில்லை, இப்போது மறுபடி ஏன் பேச்சு அடிபடுகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இலைப் புரதத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது புரதம் அல்ல, புரதத்தை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையும் நீரும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் படித்தால் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பது சுலபமாகப் புரியும்.

கீரையாகவே தின்றால் போதாதா?

நியாயமான கேள்வி. பெரும்பாலான நேரம் போதும். கிடைக்கிற கீரையை நன்றாகச் சாப்பிடுகிறவர் இந்த வேலையெல்லாம் செய்ய வேண்டியதில்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. நூறு கிராம் பச்சை இலையில் புரதம் 2 முதல் 5 கிராம்தான். மிச்சமெல்லாம் தண்ணீரும் நாரும். மாட்டுக்கு நாலு அறை கொண்ட இரைப்பை உண்டு, நாளெல்லாம் அசைபோட நேரமும் உண்டு. நமக்கு இரண்டும் கிடையாது. அதுவும் மூன்று வயதுக் குழந்தையின் வயிறு எவ்வளவு சிறியது! அதில் இலையை எவ்வளவுதான் திணிப்பது? நாரைக் கழித்துவிட்டுச் சத்தை மட்டும் கொடுக்க முடிந்தால், ஒரு பெரிய கூடை இலையில் உள்ளது ஒரு கரண்டிக்குள் வந்துவிடும். அது மட்டுமல்ல, மனிதர் தின்னாத இலைகளும் கணக்கில் சேரும். தீவனப்பயிர், கிழங்கு எடுத்த பிறகு வயலிலேயே மட்கும் இலை, குளத்தில் மிதக்கும் குட்டிச் செடி என்று பட்டியல் நீளும்.

சாற்றிலிருந்து பிரிந்த அந்தக் கட்டியை இனி ‘திரட்டு’ என்கிறேன். காய்ந்த இலைத் திரட்டில் ஏறக்குறைய பாதி, சில சமயம் அதற்கு மேலும், புரதம். அதோடு கொழுப்பு, இரும்பு, வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின், வைட்டமின் கே. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் தானியங்களில் குறைவாக உள்ள லைசின் இதில் தாராளம். மெத்தியோனின் மட்டும் கொஞ்சம் மட்டு. அதனால் தானியத்தோடு சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்.

பழைய கதை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது

1773-இல் பிரான்சில் ஹிலேர் ரூயல் என்ற வேதியியலாளர் செடிகளைக் கசக்கிச் சாறு எடுத்துச் சூடாக்கிப் பார்த்தார். இளஞ்சூட்டில் பச்சைக் கட்டி ஒன்று பிரிந்தது. அதை வடித்துவிட்டு இன்னும் சூடாக்கினால் வெளிறிய இன்னொன்று பிரிந்தது. விலங்கின் உடலில் இருப்பது போன்ற ஒரு பொருள் செடியிலும் இருக்கிறது என்று அவர் எழுதியபோது ‘புரதம்’ என்ற சொல்லே பிறக்கவில்லை. சிறுநீரிலிருந்து யூரியாவைப் பிரித்தவரும் இதே மனிதர்தான், அதே ஆண்டில். அந்த இரண்டு சூடு, இரண்டு கட்டி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது மறுபடி வரும்.

அப்புறம் நெடுங்காலம் யாரும் இதை உணவாக நினைக்கவில்லை. 1920-களில் ஹங்கேரியின் கார்ல் எரெக்கி பச்சைத் தீவனத்தை அரைத்துப் பிழிந்து கால்நடைக்குப் புரதம் எடுக்க முயன்றார். ‘பயோடெக்னாலஜி’ என்ற சொல்லை 1919-இல் உருவாக்கியவர் இவர்.

மனிதருக்கான உணவு என்ற எண்ணத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டவர் இங்கிலாந்தின் என். டபிள்யூ. பிரி. 1930-களில் இவரும் சக ஆய்வாளர் பாடனும் சேர்ந்து புகையிலையைத் தாக்கும் வைரஸைச் சுத்தமாகப் பிரித்து, அதில் ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். வைரஸைத் தேடுகிறவருக்கு இலையின் சொந்தப் புரதம் ஒரு தொல்லை, கழித்துக்கட்ட வேண்டிய குப்பை. அந்தக் குப்பையைத்தான் பிறகு அவர் வாழ்நாளெல்லாம் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டாம் உலகப்போரில் கப்பல்கள் மூழ்கி உணவு முடங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, புல்லும் இலையும் இருக்கிறதே என்றார். போர் முடிந்தது, அவர் விடவில்லை. ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் அரைக்கும் இயந்திரமும் பிழியும் இயந்திரமும் செய்தார். கிராமத்தில் வைத்து இயக்கும் அளவுக்குச் சிறியதும் செய்தார்.

சோதனைகள் பல இடங்களில் நடந்தன. ஜமைக்காவில் ஊட்டச்சத்துக் குறைவிலிருந்து மீளும் கைக்குழந்தைகளுக்கு இலைப் புரதம் கொடுத்து, உடல் அதை எவ்வளவு ஏற்கிறது என்று வாட்டர்லோ என்ற மருத்துவர் அளந்தார். மைசூரில் கேழ்வரகை முக்கிய உணவாகக் கொண்ட சிறுவர்களுக்கு லைசின் ஒரு பிரிவுக்கும் இலைப் புரதம் இன்னொரு பிரிவுக்கும் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். 1969-இல் அது வெளிவந்தது. கோயம்புத்தூரில் ஊட்டச்சத்து அறிஞர் ராஜம்மாள் தேவதாஸ் குழுவினர் இலைத் திரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைக் குழந்தைகளின் உடல் எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்த்தார்கள். இலைப் புரதம் சத்தில்லாதது என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை.

பிறகு ஏன் நின்றது? ஒன்று, உலகின் பிரச்சினையே புரதப் பற்றாக்குறைதான் என்ற பேச்சு 1960-களில் உச்சத்தில் இருந்தது. 1974-இல் மெக்லாரன் என்ற மருத்துவர் லான்செட் மருத்துவ இதழில் அதைப் போட்டு உடைத்தார்: பசித்த குழந்தைக்குக் குறைவது பெரும்பாலும் மொத்த உணவே, தனியாகப் புரதம் அல்ல என்றார். காற்று திசை மாறியது. இரண்டு, சோயா மலிவாகக் குவிந்தது. மூன்று, நான் முதலில் சொன்னது: பத்துக் கிலோ இலையை அரைத்தால் ஈரத் திரட்டு அரைக் கிலோதான் வரும். நாலரைக் கிலோ சக்கையும் ஐந்து லிட்டர் நீரும் வாசலில் நிற்கும். மாடு இல்லாத இடத்தில் அந்தச் சக்கையை யார் வாங்குவார்கள்?

இதற்கு நேர்மாறான கதை பிரான்சில் நடந்தது. அங்கே குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) என்ற தீவனப்பயிரைச் சூளையில் உலர்த்தி மாட்டுத் தீவனமாக விற்கும் பெரிய தொழில் ஏற்கெனவே இருந்தது. 1973-இல் எண்ணெய் விலை எகிறியது. உலர்த்துவதற்கு முன் பயிரைப் பிழிந்துவிட்டால் ஆவியாக்க வேண்டிய தண்ணீர் குறையும், எரிபொருள் மிச்சம். பிழிந்த சாறு சும்மா வந்தது. அதைச் சூடாக்கினால் புரதம். அமெரிக்க வேளாண் துறையின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடம் இதற்கான முறையை ‘புரோ-ஸான்’ என்ற பெயரில் உருவாக்கியிருந்தது. பெயரின் பின்பாதி ஸாந்தோஃபில், கோழி முட்டையின் மஞ்சள் கருவுக்கு நிறம் தரும் சாயம். அதாவது முதல் வாடிக்கையாளர் கோழி. சக்கைக்கு மாடு, திரட்டுக்குக் கோழி என்று இரண்டு பக்கமும் ஆள் இருந்ததால் அந்தத் தொழில் நிலைத்தது. அங்கிருந்துதான் மனிதருக்கான குதிரைமசால் திரட்டும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் நாளொன்றுக்கு 10 கிராம் என்ற வரம்போடு அதைத் துணை உணவாக அனுமதித்தது.

சரி, கதை போதும். அடுப்புப் பக்கம் வருவோம்.

படி 1: இலையைத் தேர்ந்தெடுப்பது

பாதி வெற்றி இங்கேதான். கையில் ஒரு பிடி எடுத்து நன்றாகக் கசக்குங்கள். பச்சைச் சாறு விரலிடுக்கில் ஒழுகினால் நல்ல இலை. வழவழவென்று இழுத்தால் வேண்டாம், அந்தக் கொழகொழப்பு சாற்றைத் துணியில் இறங்கவே விடாது. புளித்த இலையும் வேண்டாம். அரைக்கும்போதே அமிலம் புரதத்தைத் திரிய வைத்துவிடும், அது சக்கையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருந்தாலும் அதே கதிதான், டானின் புரதத்தைக் கட்டிப்போட்டுவிடும். பெரும்பாலான மரங்களின் இலைகள் இந்த மூன்றில் ஒன்றில் மாட்டும்.

நன்றாக வருபவை: குதிரைமசால், தட்டைப்பயறு இலை, அவரை இலை, இளம் கோதுமைப் பயிர், கடுகு இலை. முருங்கையை இதற்கு வீணாக்க வேண்டாம். நிழலில் காயவைத்துப் பொடித்தாலே அதன் சத்து கிடைத்துவிடும்.

பூப்பதற்கு முன் வெட்டுங்கள். பூத்த பிறகு நார் ஏறும், புரதம் இறங்கும். மரவள்ளி, இளஞ்சோளம் ஆகியவற்றில் சயனைடு வெளிவிடும் பொருள்கள் உண்டு, தொடாதீர்கள். உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலையும் கூடாது. பெயர் உறுதியாகத் தெரியாத செடி எதுவும் கூடாது. பூச்சிமருந்து அடித்த வயலின் இலையையும் விட்டுவிடுங்கள்.

படி 2: வெட்டு, கழுவு, ஓடு

வெட்டிய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இலைக்குள் புரதத்தைத் தின்னும் நொதிகள் இருக்கின்றன. காலையில் வெட்டி அன்று காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. வாடிய இலையில் சாறு குறைவு, புரதமும் குறைவு. மண் போகும் வரை நல்ல தண்ணீரில் கழுவி உதறுங்கள்.

முதல் முயற்சிக்கு ஒரு கிலோ போதும். அதற்கு மேல் கை வலிக்கும்.

படி 3: அரைப்பது

நறுக்குவது வேறு, அரைப்பது வேறு. புரதம் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே பூட்டிக் கிடக்கிறது, அந்தச் சுவர் உடைய வேண்டும். மிக்ஸியில் தண்ணீர் இல்லாமல் சுற்றாது. இலையின் எடையில் பாதி அளவு தண்ணீரில் தொடங்குங்கள். அதிகம் ஊற்றினால் சாறு நன்றாகவே இறங்கும், ஆனால் அத்தனை தண்ணீரையும் பிறகு கொதிக்கவைக்க வேண்டும். ஜாடியில் முக்கால் நிரப்பி, நார் கையில் தட்டுப்பட்டாலும் இலைத் துண்டு தட்டுப்படாத பதம் வரை ஓட்டுங்கள். ஜாடி சூடாகத் தொடங்கினால் நிறுத்தி நிறுத்தி ஓட்டவும்.

படி 4: பிழிவது

அரைத்த உடனே மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். ஒரேயடியாக மூட்டையாகக் கட்டினால் நடுவில் உள்ளது ஈரமாகவே நிற்கும். இரண்டு கைப்பிடி அளவாகப் பிழிந்தால் சாறு அதிகம் வரும். சக்கை வெளிறி, உதிர்ந்து விழ வேண்டும். இன்னும் கரும்பச்சையாக இருந்தால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து மறுபடி ஒருமுறை.

நான் தப்பு செய்தது இங்கேதான். அரைத்துவிட்டேன், ஒரு போன் வந்தது, முக்கால் மணி நேரம் பேசினேன். திரும்பி வந்து பார்த்தால் பளிச்சென்று இருந்த கூழ் மேலே பழுப்பேறிக் கிடந்தது. வெட்டிய ஆப்பிள் கறுக்குமே, அதே வேலைதான் இது. உடைந்த செல்லில் பீனால்கள் என்ற இலைப் பொருள்களும் நொதியும் காற்றும் சந்தித்தால் பழுப்பு வரும். வெறும் நிறம் போனால் பரவாயில்லை. அந்தப் பழுப்புப் பொருள் லைசினைப் பிடித்துக்கொள்ளும், சாப்பிட்டாலும் உடல் அதை எடுத்துக்கொள்ளாது. கசப்பும் சேரும். அரைத்தது முதல் அடுப்பு வரை பதினைந்து நிமிடத்துக்குள் முடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

படி 5: திரிய வைப்பது

இந்த முறையின் உயிர்நாடி இது. சாற்றைச் சிறு தீயில் மெல்லச் சூடாக்கினால் திரட்டு மாவுமாவாக நொய்ந்துபோய்த் துணியின் கண்ணை அடைத்துக்கொள்ளும், வடியவே வடியாது. சட்டென்று சூடேறினால் கட்டி பெரிதாகவும் உறுதியாகவும் வரும்.

அதனால் நேரே சாற்றை அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான, உயரமான பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அதில் சாற்றை நூல்போல ஊற்றுங்கள், கொதி அடங்காத வேகத்தில். முழுவதும் ஊற்றி முடித்ததும் பெரிய தீயில் ஒரு கொதி வரட்டும். பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள். கரண்டியால் கடைய வேண்டாம், அடிப்பிடிக்காமல் ஒருமுறை தள்ளிவிட்டால் போதும்.

80 டிகிரியிலேயே புரதம் திரிந்துவிடும். பிறகு ஏன் 100 வரை போக வேண்டும்? இரண்டு காரணம். கிருமிகள் ஒன்று. இன்னொன்று குளோரோஃபிலேஸ் என்ற நொதி. அது உயிரோடு இருந்தால் பச்சையத்தைச் சிதைத்து ஃபியோஃபோர்பைடு என்ற பொருளுக்கு வழிவிடும். அது உடலில் அதிகம் சேர்ந்தவருக்கு வெயில் பட்ட தோல் எரிந்து வீங்கும். நல்ல கொதி அந்த நொதியை ஒழித்துவிடும். தாமதம் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

படி 6: வடிப்பது, கழுவுவது, மறுபடி பிழிவது

ஐந்து நிமிடம் ஆறவிட்டு நெருக்கமான நெசவுள்ள துணியில் ஊற்றுங்கள். பழுப்பு நீர் கலங்கலில்லாமல் இறங்கினால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. அது இன்னும் பச்சையாக இருந்தால் சூடு போதவில்லை, திரும்ப அடுப்பில் வையுங்கள்.

வடிந்த திரட்டைப் புதுத் தண்ணீரில் கரைத்து, சில துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டு, மறுபடி வடித்துப் பிழியுங்கள். பலர் இந்தக் கழுவலை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. கசப்பும் புல் வாடையும் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. லேசான புளிப்பு இருந்தால் கெடுவதும் தாமதமாகும்.

கடைசிப் பிழிவில் ஈவு இரக்கம் காட்டாதீர்கள். கனமான கல் ஒன்றைத் துணிப்பொதி மேல் அரை மணி வைக்கலாம். பதம் எப்படி அறிவது? ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் ஈரமண்போல் உதிர வேண்டும், உள்ளங்கையில் நீர் ஒட்டக்கூடாது. அந்த நிலையில் அதில் இன்னும் 60 சதவீதம் தண்ணீர் இருக்கும்.

ஒரு கிலோ இலைக்கு இப்போது கையில் ஏறக்குறைய 50 கிராம் இருக்கும். இவ்வளவுதானா என்று முகம் சுருங்கும். எனக்கும் சுருங்கியது. காய்ந்த எடையில் அது 20 கிராம், அதில் பாதி புரதம். இலையில் இருந்த புரதத்தில் பெரும்பகுதி இன்னும் சக்கையில்தான் இருக்கிறது. வீட்டு மிக்ஸியால் அதற்கு மேல் கறக்க முடியாது.

படி 7: வைத்துக்கொள்வது

ஈரத் திரட்டு குளிர்ப்பெட்டியில் சில நாள்தான் தாங்கும், உறைய வைத்தால் நெடுநாள். காயவைப்பதானால் கட்டியாகக் காயவைக்காதீர்கள், சரளைக்கல் மாதிரி இறுகிப் பல்லை உடைக்கும். முதலில் சல்லடையில் தேய்த்துப் பூந்துகளாக்கி, மெல்லப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் காயவையுங்கள். வெயில் கரோட்டினைக் கொன்றுவிடும். நன்றாகக் காய்ந்ததை நைசாகப் பொடித்து, வெளிச்சம் படாத டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். உள்ளே உள்ள கொழுப்பு காறத் தொடங்கினால் வாடையிலேயே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் ஈரமாகவே பயன்படுத்துங்கள். காய்ந்ததில் அந்த மணல் நறநறப்பு முழுக்கப் போவதே இல்லை.

படி 8: சாப்பிடுவது

தனியாகச் சாப்பிடும் பொருள் அல்ல இது. சுவை தேயிலைத் தூளுக்கும் காய்ந்த புல்லுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். மாவு எடையில் இருபதில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். கரும்பச்சை எல்லாவற்றையும் மூடிவிடும், அதனால் ஏற்கெனவே கருத்த நிறமும் தூக்கலான மசாலாவும் உள்ள உணவில்தான் அது ஒளிந்துகொள்ளும். வெளிர் நிற உணவில் போட்டால் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். கூடக் கொஞ்சம் கொழுப்பு இருந்தால் கரோட்டினை உடல் நன்றாக எடுக்கும்.

பெரியவருக்கு நாளொன்றுக்குக் காய்ந்த பொடியாக 10 கிராம், ஈரமாக 25 கிராம் என்பது நியாயமான அளவு. அதில் வரும் புரதம் 5 கிராம்போலத்தான், ஒரு முட்டையைவிடச் சற்றுக் குறைவு. ஆக, ஒருவரின் புரதத் தேவையை இது தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த அளவில் இதன் உண்மையான பலம் கரோட்டினும் இரும்பும்தான். 1970-களுக்குப் பிறகு இதை ஆதரித்தவர்களும் புரதப் பேச்சைக் குறைத்துக்கொண்டு அந்தப் பக்கம்தான் சாய்ந்தார்கள்.

சிலர் ஒதுங்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் எடுப்பவர்களுக்கு இதில் உள்ள வைட்டமின் கே மருந்தை முறியடிக்கும். லூபஸ் என்ற நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குவது) உள்ளவர்கள் குதிரைமசாலைத் தவிர்க்க வேண்டும், அதில் உள்ள கனவனின் என்ற அமினோ அமிலம்தான் சந்தேகத்துக்குரியது. உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்களும் வேண்டாம். கைக்குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

படி 9: மிச்சத்தை என்ன செய்வது

சக்கை நல்ல தீவனம். நார் உடைந்திருப்பதால் மாடும் முயலும் விரும்பித் தின்னும், ஆனால் அன்றே போட வேண்டும், மறுநாள் பூஞ்சை வரும். கால்நடை இல்லையென்றால் உரக்குழி. பழுப்பு நீரைக் குடிக்காதீர்கள். இலையில் இருந்த நைட்ரேட், கரையும் ஆக்சலேட், கசப்பு எல்லாம் அதில்தான் இறங்கியிருக்கிறது. ஆறவைத்து, நீர் கலந்து செடிக்கு ஊற்றலாம், பொட்டாசியமும் நைட்ரஜனும் உண்டு. ஒரு நாள் வாளியில் வைத்துப் பாருங்கள், அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். ஒரு கிலோவுக்கே இப்படி என்றால் ஒரு நாளைக்கு நூறு டன் அரைக்கும் ஆலைக்கு எப்படி இருக்கும்?

வெள்ளைப் புரதம்: வீட்டில் முடியாதது

ரூயலின் இரண்டு சூட்டை நினைவிருக்கிறதா? 50, 60 டிகிரி வாக்கில் பச்சையத்தோடு ஒட்டிய புரதங்கள் முதலில் திரிந்துவிடும். அதை வடித்துவிட்டால் தெளிந்த சாற்றில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே ஒரு புரதம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலைக்காரன் அது. 1947-இல் சாம் வைல்ட்மன், ஜேம்ஸ் பானர் இருவரும் பசலை வகை இலையிலிருந்து இதைத் தனித்துக் காட்டினார்கள். பல இலைகளில் கரையும் புரதத்தில் பாதி இதுதான். உலகிலேயே அதிகமாக உள்ள புரதம் இதுவே என்பார்கள்.

இதன் நீண்ட வேதிப்பெயரைச் சுருக்கி ‘ரூபிஸ்கோ’ ஆக்கியது 1979-இல் வைல்ட்மனின் ஓய்வை ஒட்டி நடந்த கருத்தரங்கில் செய்த கேலி. புகையிலையிலிருந்து உண்ணத்தக்க புரதம் எடுக்கப் பாடுபட்ட மனிதர் அவர். அதனால் டேவிட் ஐசன்பெர்க் ‘நபிஸ்கோ’ என்ற பிஸ்கட் கம்பெனியின் சாயலில் அந்தப் பெயரைச் சூட்டினார். கேலி மறைந்து பெயர் நிலைத்துவிட்டது.

சுத்தமான ரூபிஸ்கோ வெள்ளைப் பொடி. வாடை இல்லை, நிறம் இல்லை. அடித்தால் நுரைக்கும், சூடாக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கெட்டிப்படும். பச்சைத் திரட்டில் இந்தக் குணம் எதுவும் கிடையாது, கொதித்ததோடு எல்லாம் செத்துவிடும். ஆகவே வெள்ளைப் புரதத்தை மிதமான சூட்டில், பழுப்பேறாமல், பச்சையம் ஒட்டாமல் எடுக்க வேண்டும். வீட்டு அடுப்பில் 55 டிகிரியைப் பிடித்து நிறுத்தி முயன்று பார்த்தேன். கிடைத்தது வெள்ளை அல்ல, சேற்றுப் பச்சை. ஆலைகளில் சுழல் இயந்திரமும் நுண்வடிகட்டிகளும் வைத்துச் செய்வதைத் துணியால் செய்ய முடியாது.

இனி எங்கே

மூன்று வழிகளில் ஆட்கள் முயல்கிறார்கள். முதல் வழி புல். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகம் ஃபூலும் வளாகத்தில் புல்லையும் குளோவர் என்ற தீவனச் செடியையும் பிழியும் மாதிரி ஆலையை 2019-இல் திறந்தது. அங்கே பன்றிக்கும் கோழிக்கும் இறக்குமதி சோயா தேவைப்படுகிறது, அதற்கு மாற்று வேண்டும். திரட்டு பன்றிக்கு, சக்கை மாட்டுக்கு, மிச்ச நீர் சாண எரிவாயுக் கலனுக்கு. மூன்றுக்கும் ஆள் இருக்கிறது பாருங்கள். புல் ஆண்டெல்லாம் மண்ணை மூடியிருப்பதால் நைட்ரஜன் நிலத்தடி நீருக்குக் கசிவதும் குறைகிறது. மனித உணவு அங்கே அடுத்த கட்டம்தான், நான் இதை நம்பிக்கையோடு பார்ப்பதற்குக் காரணமும் அதுவே.

இரண்டாவது லெம்னா, குளத்தில் பச்சைப் பொட்டுகளாக மிதக்குமே, அந்தச் செடி. நல்ல சூழலில் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும், காய்ந்த எடையில் புரதம் 40 சதவீதத்தையும் தொடும், நாரும் குறைவு. பிழிந்த பிறகு மலைபோல் சக்கை நிற்காது என்பது பெரிய வசதி. அமெரிக்காவில் பிளான்டிபிள் என்ற கம்பெனி இதிலிருந்து ரூபிஸ்கோ எடுக்கிறது. ஆனால் எந்த நீரில் வளர்கிறதோ அந்த நீரில் உள்ளதையெல்லாம் செடி உறிஞ்சிக்கொள்ளும், கன உலோகம் உட்பட. அழுக்கு நீரைச் சுத்தம் செய்து அதே செடியை உணவாக்கலாம் என்று ஒரே மூச்சில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கும்.

மூன்றாவது, சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகைக் கிழங்கு (சுகர் பீட்) வயலில் அறுவடை அன்று குவியும் இலை. பயிர் ஏற்கெனவே காசாகிவிட்டது, இலை சும்மா கிடைக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சில வாரங்களில் எல்லா இலையும் வந்து குவியும், மற்ற மாதங்களில் ஆலை பூட்டிக் கிடக்கும். வெட்டிய சில மணி நேரத்தில் அரைத்தாக வேண்டும் என்ற பழைய விதி வேறு.

சந்தையில் இலைப் புரதம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் நான் முதலில் பார்ப்பது எந்த இலை என்பதை. அடுத்து அது பச்சைத் திரட்டா, வெள்ளைப் புரதமா என்பதை, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். வெறுமனே காயவைத்து அரைத்த இலைப்பொடியை இந்தப் பெயரில் விற்றால், உறையின் பின்பக்கம் நார்ச்சத்துக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.